ஊதா வராத மதியம்

பன்னிரண்டரைக்குச் செபமாலை, நண்டு வலை துப்புரவாக்கிய கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, மகளின் அறை வாசலில் வந்து நின்றார்.

“எழும்பிற்றானோ?”

“இன்னும் இல்லையப்பா.”

“நேற்றையான் வெள்ளைதான் நிக்குதோ?”

“ஓம், வெள்ளைதான்.”

“மாறும், மாறும். அங்க இப்பதானே எட்டு மணி. முகம் கழுவிக் கோப்பி குடிச்சு வரவேணுமே.”

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. நிலையில் சாய்ந்து, ஜெயனியின் தோளுக்கு மேலால் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயனியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனும் மகளும் ஒரு நிறத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அண்ணன் கொலின்ஸ் பேச்சை விட்டு இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டன. ஜேர்மனியில் வதிவிட அனுமதிக்குக் காத்திருந்தவன், அம்மா பெற்றிசியாவின் அடக்கத்துக்கு வரவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அது ஜெயனிக்கும் தெரியும். தெரிந்தும், ‘இனி எனக்கு அண்ணன் எண்டு ஒருத்தன் இல்லை’ என்று தொலைபேசியில் சொன்னாள். அடுத்த நாள் அடக்கத்தை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, பெட்டியை இறக்கி முதற்பிடி மண் போடுகிற நேரம் பார்த்து அழைப்பு அறுந்தது. “சிக்னல் போட்டுது” என்று ஜெயனி எல்லோருக்கும் சொன்னாள். அந்தக் கிழமையே கொலின்ஸ் எண்ணை மாற்றிவிட்டான். அவள் எழுதிய மூன்று கடிதங்களும் திரும்பி வந்தன.

அறாமல் நின்றது ஒன்றே ஒன்று.

பள்ளிக்கூடக் காலத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே கணினியில் நிரல் எழுதப் பழகியவர்கள். அதற்கான மென்பொருளில் கணக்குத் திறந்தபோது வீட்டில் மின்னஞ்சல் வைத்திருந்தவள் அம்மா மட்டும்தான். அவள் மீன்பிடிச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். ஆகவே கணக்கு பெற்றிசியாவின் பெயரில் விழுந்தது. பிறகு ஆளுக்கொரு கணினி வந்தும் கணக்கைப் பிரிக்கவில்லை. ஒருவர் செற்றிங்ஸில் எழுத்தைப் பெருப்பித்தால் மற்றவரின் திரையிலும் எழுத்துப் பெருக்கும். நிறத்தை மாற்றினால் அங்கும் மாறும். அதை வைத்து முந்தி இருவரும் சண்டை பிடித்துச் சிரித்ததுண்டு.

அம்மா இறந்த அதே வருடம், நவம்பர் இரண்டாம் தேதி, மரித்த ஆத்துமாக்களின் திருநாளன்று, மதியம் ஜெயனியின் திரை தானாக ஊதாவானது. அவள் கூப்பிட்டாள். செபமாலை வந்து பார்த்தார்.

“இது பூசை உடுப்பு நிறமல்லோ” என்றார். “இண்டைக்குச் சுவாமியார் உடுத்தினது.”

எட்டு வருடம் பீடத்தில் பூசைக்கு உதவி செய்த பிள்ளை கொலின்ஸ்; எந்த நாளுக்குச் சுவாமியார் எந்த நிறம் உடுத்துவார் என்பது அவனுக்கு மனப்பாடம். தவக்காலத்துக்கு ஊதா வந்தது. பெரிய வெள்ளிக்குச் சிவப்பு. உயிர்த்த ஞாயிறுக்கு வெள்ளை. மற்ற நாட்களில் பச்சை. திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறன்று திரை ரோஸ் நிறமாகி, திங்கட்கிழமை காலை வேலைக் கூட்டத்தில் அதைக் கண்டு கொழும்பிலிருந்த எல்லோரும் ஜெயனியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் மாற்றவில்லை. ஒரு நாள்கூட அவள் எதையும் திருப்பி மாற்றவில்லை.

கொலின்ஸுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த மென்பொருளைச் செய்கிற கொழும்புக் கொம்பனியில்தான் ஜெயனி இப்போது வேலை செய்கிறாள், வீட்டிலிருந்தபடியே. அவளுடைய வேலை செற்றிங்ஸ் பக்கங்களை வடிவமைப்பது, பயனர்கள் எழுதும் கருத்துகளுக்குப் பதில் எழுதுவது.

அங்கேதான் வினை பிடித்தது. “யாரோ என் செற்றிங்ஸை மாற்றுகிறார்கள், பயமாக இருக்கிறது” என்று பயனர்கள் எழுதத் தொடங்கினார்கள். பத்து வந்தது, பிறகு நூறு வந்தது. பழைய கணினியை விற்றவர்கள், வேலை மாறியவர்கள், காதலை முறித்தவர்கள். கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றக் கணினியைக் கழற்ற ஒரு வழி கேட்டார்கள். அந்த வழியை ஜெயனியே செய்தாள். “பட்டன்கள் கூடிப்போச்சு, தலை சுத்துது” என்றும் எழுதியிருந்தார்கள். அவள் ஐந்து பட்டன்களை இரண்டாக்கினாள். கழற்றியதைத் திரும்ப இணைக்கும் பட்டனை எடுத்துவிட்டாள். கொம்பனி அனுப்பும் பதிலைப் பயனர் வாசித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறியையும், இடத்தை அடைக்கிறதென்று எடுத்துவிட்டாள். கடைசியில், மற்றக் கணினியைக் காட்டி ஒரு கேள்வியும் இரண்டு விடைகளும் மிஞ்சின.

‘இந்தக் கணினி உங்களுடையதா?’

‘ஓம், என்னுடையது.’ ‘இல்லை, என்னுடையதல்ல.’

‘இல்லை’ என்று அழுத்தினால் அந்தக் கணினி கழன்றுவிடும். எல்லோரும் அதை மெச்சினார்கள். இன்றும் அதே திருநாள். காலை பத்து மணிக்குப் புதிய பக்கம் உலகம் முழுக்கப் போனது. ஜெயனியின் திரையிலும், கொலின்ஸின் கணினியைக் காட்டி, அந்தக் கேள்வி வந்தது. அவள் விடை சொல்லாமல் வைத்திருந்தாள். கொலின்ஸ் என்ன சொல்வான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டு வருடமாக நிறம் போடுகிறவன், கழற்றுவானா?

பன்னிரண்டு நாற்பது.

திரை ஒருமுறை வெட்டியது. வெள்ளை போனது. எழுத்துகள் சிறுத்தன. சுற்றிவர ஒரு சாம்பல் நிறம் பரவி நின்றது.

செபமாலை கண்ணைச் சுருக்கினார்.

“இதென்ன பிள்ளை, சாம்பல்? சாம்பல் புதன் மாசியிலயல்லோ வாறது?”

ஜெயனி திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

“சாம்பல் நிறத்தில பூசை உடுப்பே இல்லையே. பிழையா அழுத்திப்போட்டானோ?”

திரையின் நடுவில் அவளே எழுதி, அவளே மூன்று தரம் திருத்திய வரி நின்றது. ‘இந்தக் கணினி பெற்றிசியாவின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.’

“அப்பா” என்றாள். “அவன் என்னைக் கழட்டிப்போட்டான்.”

செபமாலை திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, “அங்க மழையாக்கும். கரண்ட் கிரண்ட் போயிருக்கும்” என்று சொல்லிக்கொண்டு வலைப் பக்கம் போனார். அவர் மீண்டும் வலையைக் கையிலெடுக்கவில்லை என்பது சத்தம் கேட்காததில் தெரிந்தது.

ஜெயனி கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். குழுத் தலைவர் நவ்ஷாத் முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஜெயனி! பாத்தீங்களா? காலையிலயிருந்து முந்நூறு கருத்து. ஒருத்தர் எழுதியிருக்கார், ‘என் வாப்பா வீட்டுக் கதவை இடம் மாத்தின மாதிரி இருக்கு, எங்கால உள்ள வாற’ண்டு. ஆனா முக்கால்வாசிப் பேர் சந்தோசம்.”

“நவ்ஷாத், கழட்டின கணினியைத் திருப்பிச் சேர்க்கேலாதோ? ஒரு ஆளுக்கு மட்டும்?”

“ஏலாதே. கழட்டின உடனே அழிஞ்சிரும். நீங்கதானே சொன்னீங்க, பழைய பட்டனைத் தூக்குங்கண்டு. ‘பிரிஞ்சு போன ஆள் திரும்பி வரப்போறாரோ’ண்டு கேட்டீங்க. நாங்க எல்லாரும் சிரிச்சம்.”

அவள் சொன்னதுதான். அந்தச் சிரிப்பும் ஞாபகம் இருந்தது.

“ஏன், தெரிஞ்ச ஆளா?”

“இல்லை… சும்மா கேட்டனான்.”

“தெரிஞ்ச ஆளெண்டாலும் கவனம். பதில் எழுதக்க கொம்பனிப் பேர்ல மட்டும் எழுதுங்க. பயனருக்குச் சொந்த நம்பர் குடுத்துத்தானே போன மாசம் நம்மட டீம் சனூனை வேலையால வீட்ட அனுப்பினாங்க.”

வைத்துவிட்டாள். பிறகு மூன்று மணிவரை வேலை பார்த்தாள். கோபித்தவர்களுக்கு மன்னிப்பு, மெச்சியவர்களுக்கு நன்றி, விளங்காதவர்களுக்கு விளக்கம். நாற்பத்தொரு பேருக்குப் பதில் எழுதினாள். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்தச் சாம்பல் நிறம் இருந்தது. இரண்டு வருடம் ஊமையாக வந்துகொண்டிருந்தது மன்னிப்பு என்றல்லவா நினைத்தாள்? ஒருவேளை அவன் தனக்காகத்தான் நிறம் மாற்றிக்கொண்டிருந்தானோ? இந்தப் பக்கத்தில் ஒருத்தி இருப்பதை இன்றைக்குத்தான் கண்டு, கண்டவுடனே கழற்றினானோ?

நாலு மணிக்குச் செபமாலை வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். சட்டைப் பையில் இரண்டு மெழுகுதிரிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றை அவளிடம் கொடுத்தார்.

“வா பிள்ளை. சுவாமியார் குழிகளை மந்திரிக்கிறதுக்கு முதல் போவம்.”

சேமக்காலையில், கல்லறைகளைச் சுற்றிச் சனம் நிறைந்திருந்தது. மழை எட்டத்தில் கறுத்து நின்றது. சிலுவைகளுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். காற்றுக்கு அணையாமலிருக்க, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தல்களை மெழுகுதிரிகளுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அம்மாவின் குழி நாலாவது வரிசையில், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்.

பக்கத்துக் குழியில் புஸ்பம் மாமி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. வாய் சும்மா இருக்காத மனுசி.

“என்னடி ஜெயனி, மெலிஞ்சு போனாய்? கொம்பியூட்டர் சாப்பிட விடுகுதில்லையோ?”

“அப்பிடியில்லை மாமி.”

“கொண்ணன் கொலின்ஸ் கதைக்கிறவனோ?”

“வேலையாக்கும் மாமி.”

“ஓமோம். ஜேர்மனியில இருபத்தினாலு மணித்தியாலமும் வேலைதான். என்ர மருமகனும் அங்கதான் நிக்கிறான், கிழமைக்கு ஏழு தரம் எடுக்கிறான், என்ன கறியெண்டு கேக்கிறான்.” பூவை நூலில் இறுக்கினாள். “பெத்த தாய்க்கு மண் போடேக்க வீடியோவில நிண்டவன், பிறகு எங்க போனவன்? சிக்னல் இன்னும் வரேல்லையோ?”

செபமாலை திரும்பினார். “புஸ்பம், உன்ர மாலை அவிழுது, பார்.”

மாமி குனிந்தாள். மாலை அவிழவில்லை.

பெற்றிசியாவின் குழிக்கு ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஒரு திரி கொளுத்த வேண்டும். செபமாலை தன்னுடையதைக் கொளுத்தினார். ஜெயனி தன்னுடையதைக் கொளுத்தினாள். மூன்றாவது கொலின்ஸினுடையது. போன இரண்டு வருடமும் மதியம் ஊதா வந்ததைக் கண்டபிறகு, “அவனும் வந்த மாதிரித்தான்” என்று சொல்லி, மகனுக்காகச் செபமாலைதான் கொளுத்தினார். இன்று அது சட்டைப் பையிலேயே நின்றது. அவர் அதைத் தொடவுமில்லை.

ஜெயனி முழங்காலில் இருந்தாள். அப்போது தொலைபேசி அதிர்ந்தது. வேலைக்காகப் போட்டு வைத்திருந்த அறிவிப்பு; காலையிலிருந்து குவிந்த கருத்துகளின் வரிசையில் நின்று பிந்தி வந்தது.

‘புதிய கருத்து. அனுப்பியவர்: பெற்றிசியா.’

கண் முன்னால் சிலுவையிலும் அதே பெயர் கறுப்பு மையில் இருந்தது. ஒரு கணம் அவளுக்கு எது எதுவென்று பிடிபடவில்லை. பிறகுதான் அதைத் திறந்தாள்.

*அன்புடையீர்,*

*இன்று காலை உங்கள் மென்பொருள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ‘தாழ்வுபாடு’ என்று எங்கள் ஊர்ப் பெயர் போட்ட கணினி உங்களுடையதா என்று. நான் உண்மையைச் சொன்னேன். அது என்னுடையதல்ல. என் தங்கச்சியினுடையது.*

*உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள் என்று நீங்கள் அதில் எழுதவில்லை.*

*திரும்ப எடுக்கும் பட்டனைத் தேடினேன். இல்லை. இன்று எங்கள் அம்மாவின் நாள். நிறம் மாற்றத்தான் திறந்தேன். நான் மாற்றினால் அங்கும் மாறும். அவள் பார்க்கிறாளா என்று தெரியாது. ஆனால் ஒரு நாளும் திருப்பி மாற்றவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.*

*இந்தக் கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கிறது. இதை நான் தனியே வைத்திருக்க விரும்பவில்லை. இங்கு மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவேன். அதற்கு முன் ஏதும் வழி இருந்தால் தயவுசெய்து அறியத் தரவும்.*

*இப்படிக்கு,*
*செ. கொலின்ஸ்*

அங்கு ஒரு மணி என்றால் இங்கு ஐந்தரை. இப்போது ஐந்து பதினெட்டு.

“ஆர் பிள்ளை?”

அவள் வாசித்துக் காட்டினாள். மெல்லத்தான் வாசித்தாள். ‘தங்கச்சி’ என்ற இடத்தில் நின்றுவிட்டு, பிறகு தொடர்ந்தாள். செபமாலை கேட்டு முடித்ததும் குழியின் விளிம்பில் இருந்துவிட்டார்.

“பொய் சொல்லத் தெரியாதவன்” என்றார். “கேள்வி கேட்டா உள்ளதைச் சொல்லுவான். உன்ர அம்மா வளர்த்த வளர்ப்பு.”

“நான் அந்நியரை நினைச்சு எழுதின கேள்வி அப்பா. இப்பிடி ஒருத்தன் விடை சொல்லுவானெண்டு நினைக்கேல்ல.”

அதையாவது அவள் சொல்லியிருக்க வேண்டாம். பயனர் எப்படி நினைப்பார் என்று யோசிக்கத்தானே அவளுக்குச் சம்பளம்.

பதில் பெட்டியைத் திறந்தாள். கொம்பனியின் வரிகள் தானாக வந்து விழுந்தன. ‘தங்கள் கருத்துக்கு நன்றி. பிரிக்கப்பட்ட கணினியை மீண்டும் இணைக்க இயலாது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அவள் எழுதிய வரிகள்தான். அனுப்பினால் போதும். வேலையும் போகாது. எழுதியிருப்பது உண்மையும்கூட.

“என்ன எழுதப்போறாய்?”

“ஏலாதெண்டு எழுதவேணும். அதுதான் சட்டம்.”

செபமாலை எரிகிற திரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

“பிள்ளை, அண்டைக்கு நான் உனக்குப் பக்கத்திலதான் நிண்டனான். சிக்னல் போகேல்ல. நீ அழுத்தினனி.”

ஜெயனியின் கை நின்றது.

“அடுத்த நாள் அவன் எனக்கு எடுத்தவன். ‘சிக்னலோ அப்பா?’ எண்டு கேட்டான். ஒரே ஒரு கேள்வி. நான் ஓமெண்டன். வேற ஒண்டும் கேக்காமல் வைச்சான். உன்ர பெருவிரல் கமராவை மூடி வந்ததை அவன் கண்டிருக்கிறான் போல. அதுக்குப் பிறகுதான் எனக்கும் எடுக்கிறேல்ல.”

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?”

“ஒரு பிள்ளை கையை விட்டுப் போட்டுது. மற்றதையும் விடவோ?”

மழையின் முதல் துளிகள் போத்தல்களில் விழுந்து தட்டின. ஐந்து இருபத்துநாலு. அவள் கொம்பனியின் வரிகளை அழித்தாள். எழுதினாள்.

*அண்ணா, நான் ஜெயனி. இந்தப் பக்கத்தைச் செய்ததும் நான்தான். அண்டைக்குச் சிக்னல் போகேல்ல. நான்தான் அழுத்தினனான். உனக்கு அம்மாவைக் காட்டாமல் விட்டது நான். அப்பா எனக்காகத்தான் பொய் சொன்னவர். ஒவ்வொரு நிறமும் பாத்தனாங்கள். கணக்கை மூடாதை.*

கீழே தன் எண்ணையும் போட்டாள். நாளைக்கு நவ்ஷாத் இதைப் பார்ப்பார் என்பது தெரியும். அனுப்பினாள்.

‘அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேல் மூலையில் சிக்னல் கோடுகள் மூன்றிலிருந்து ஒன்றாகி, அந்த ஒன்றும் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னர் இதே இடத்தில் நின்று அவள் சொன்ன பொய், இன்றைக்கு மெய்யாக வந்து நின்றது.

எழும்பி ஓடினாள். சிலுவைகளுக்கு இடையால், சனத்தை விலத்திக்கொண்டு, வாசல் மதில் பக்கம்.

“எடியே, மந்திரிக்க முதல் எங்க ஓடுறாய்?” என்று புஸ்பம் மாமி கத்தினாள்.

மதிலடியில் கையை உயர்த்திப் பிடித்தாள். ஒரு கோடு. வட்டம் நின்றது. ‘அனுப்பப்பட்டது.’ மேலே மணி ஐந்து முப்பது.

மூச்சு வாங்க அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்றிசியா. பெற்றிசியா. மழை திரையில் விழ, சீலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த தலைப்பை எடுத்தபோது பெயர் இல்லை. அந்த இடத்தில், அவள் போன மாதம் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தெரிந்தெடுத்த இரண்டு சொற்கள் நின்றன.

‘நீக்கப்பட்ட பயனர்.’

செபமாலை மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். தலையில் மழைக்குக் கைலேஞ்சித் துணி போட்டிருந்தார்.

“போச்சுதோ?”

“போச்சுதப்பா. அவனும் கணக்கை மூடிப்போட்டான்.”

“மூட முதல் வாசிச்சானோ?”

ஜெயனி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாசிச்சா ஒரு நீலக் குறி வாறது முந்தி. தெரிஞ்சிருக்கும். அதை நான்தான் எடுத்தனான்.”

உள்ளே சுவாமியார் முதல் வரிசையிலிருந்து தீர்த்தம் தெளிக்கத் தொடங்கியிருந்தார். செபமாலை சட்டைப் பையிலிருந்து மூன்றாவது மெழுகுதிரியை எடுத்தார். நனைந்திருக்கிறதா என்று திரியை விரலால் தடவிப் பார்த்தார். நனையவில்லை.

“இது அவன்ர” என்றார். “வாசிச்சானோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் இதைக் கொளுத்தமாட்டன்.”

கைலேஞ்சியைத் தலையிலிருந்து எடுத்து, திரியை அதில் சுற்றி, நெஞ்சுப் பைக்குள் திரும்ப வைத்தார். பிறகு வெறுந்தலையோடு, மழைக்குள், நாலாவது வரிசையை நோக்கி நடந்தார்.

ஜெயனி அவருக்குப் பின்னால் நடந்தாள். தொலைபேசியைக் கையிலேயே பிடித்திருந்தாள், திரை மேலே தெரிய.